துணி காய்ந்த நாட்களில் மேகம்

சுவரில் நீலம் விரிந்தது.

மாவட்ட அலுவலகத்தின் கூட்ட அறை. காலை பத்து மணி. யாரையோ பழிவாங்குவதுபோல் குளிர்சாதனத்தை முடுக்கி வைத்திருந்தார்கள். எங்கள் ஊரான ஒன்பதாம் கட்டையின் பெண்கள் துப்பட்டாவையும் சேலைத் தலைப்பையும் இழுத்துப் போர்த்திக்கொண்டு இரண்டு வரிசை நாற்காலிகளை நிறைத்திருந்தார்கள். என் அக்கா மல்லிகா முதல் வரிசையில். நான் அவள் பக்கத்தில்.

தொழிற்சாலையின் ஆலோசகர் பொத்தானை அழுத்தினார். சிலாங்கூரின் வடபாதி சுவரில் விழுந்தது. கடலோரம், ஆறு, வயல், எஸ்டேட்டுகள். காற்றில் தூசும் புகையும் அதிகமான இடம் சிவப்பு, குறைந்த இடம் நீலம். கிள்ளான் பக்கம் பழுத்த மிளகாயாய்ச் சிவந்து கிடந்தது. மேலே வர வர மஞ்சள், பச்சை. எங்கள் ஒன்பதாம் கட்டையின் மேல் நீலம். அப்போதுதான் குளித்து வந்ததுபோல ஒரு நீலம்.

"இது எங்கள் நிறுவனம் தயாரித்த படமல்ல," என்றார் ஆலோசகர் மலாயில், மிகுந்த பணிவோடு. "துணைக்கோள் தரவை வைத்து நம் நாட்டு விஞ்ஞானி ஒருவர் தயாரித்தது. அவர் இந்த வட்டாரத்திலேயே பிறந்தவர் என்று கேள்வி. இந்த ஊர் மக்கள்மீது அவருக்குப் பகை இருக்க முடியாது."

படத்தின் வலது மூலையில், எறும்பளவு எழுத்தில், என் பெயர்.

அக்காவுக்குத் தூரத்துப் பார்வை இன்னும் பழுதில்லை. படித்தாள். என் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். கரகரத்த குரலில், அந்நியரிடம் விசாரிப்பதுபோலக் கேட்டாள்.

"இது நீ போட்டதா பாப்பா?"

எனக்கு ஐம்பது நெருங்குகிறது. பல்கலைக்கழகத்தில் டாக்டர் என்கிறார்கள். அவளுக்கு நான் பாப்பா.

"ஆமாக்கா."

அதன்பிறகு அவள் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சென்ற இதழில் இந்தப் பத்தியில், வெளிநாட்டு மாநாடு ஒன்றில் ஊறுகாய்ப் புட்டியோடு நான் பட்ட பாட்டை எழுதிச் சிரிக்க வைத்தேன். இந்த வாரம் சிரிப்புக்கு இடமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம்

ஒன்பதாம் கட்டையை இப்போது எஸ்டேட் என்று சொல்வது பழக்கதோஷம். தொழிலாளர் குடியிருந்த லயம் இடிபட்டுவிட்டது. பழைய தொழிலாளர் குடும்பங்களுக்கு ரோட்டோரம் நாலு வரிசை வீடு கட்டிக் கொடுத்தார்கள். வீடுகளுக்கு மேற்கே எண்ணெய்க்கான செம்பனையை வெட்டிச் சாய்த்த இடத்தில் ஒரு தொழிற்சாலை வந்தது. கப்பலில் வரும் பிளாஸ்டிக் குப்பையை உருக்கி மணிமணியாக ஆக்குவது தொழில். எங்கெங்கோ யார் யாரோ குடித்துப்போட்ட பால் டப்பாக்கள் லோரி லோரியாக வந்து இறங்கின.

உருக்க முடிந்ததை உருக்கினார்கள். முடியாததைப் பின்புறம் குழிவெட்டிக் கொளுத்தினார்கள்.

எப்போது கொளுத்துவார்கள் என்பதில்தான் அவர்களுடைய சாமர்த்தியம். மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டுவரை. அரசாங்க அலுவலகங்களுக்குச் சாப்பாட்டு நேரம். போன் அடித்தால் எடுக்க ஆள் இருக்காது. அதிகாரி வண்டி எடுத்துக்கொண்டு வந்து சேரும்போது மூன்றரை. குழியில் சாம்பல்தான் இருக்கும். அதன்மேல் நாலு தென்னை மட்டையைப் போட்டு, "தோட்டக் குப்பை துவான்" என்று அதிகாரியை ஐயா போட்டுச் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை தொழுகைக்காக இடைவேளை நீளம். அன்று புகையும் நீளம்.

அந்நேரம் கடற்காற்று வேறு எழும்பும். மேற்கிலிருந்து கிழக்காக, நேராக வீடுகளுக்குள்.

உரிமம் முடிகிற காலம் வந்தது. புதுப்பித்தால் இன்னும் மூன்று வருஷம். புதுப்பிக்கக் கூடாது என்று மனுக்கொடுத்தவர்கள் இந்தப் பெண்கள். விசாரணைக்குத் துணையாக என்னைக் கூட்டிப்போனாள் அக்கா. "நீ பக்கத்துல சும்மா ஒக்காந்திரு போதும் லா. படிச்சவ மூஞ்சி ஒன்னு இருக்கட்டும்," என்றாள்.

படித்தவள் முகம் சுவரில் தெரிந்தது. நீலமாக.

விசாரணை அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி. புவான் என்று எல்லோரும் அழைத்தார்கள். தலை நிமிராமல் குறித்துக்கொண்டே இருந்தார். எதிர்ப்பு இருந்தால் அடுத்த அமர்வில் சொல்லுங்கள், இரண்டு வாரம் அவகாசம் என்று முடித்துவிட்டார்.

பாத்திமா கேட்டது

வெளியே வந்து காரில் ஏறினோம். அக்கா, நான், பின்னால் பாத்திமா. பாத்திமா அக்காவுக்கு அடுத்த வீடு. பாசிர் பெனம்பாங்கில் அவள் கணவருக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. கடையின் வெள்ளை ஏப்ரன்களையும் மேசை விரிப்புகளையும் தினம் துவைத்துக் காயப்போடுவது அவள் வேலை.

பாலம் ஏறினோம். ஆற்றில் மீன்படகுகள் அணைந்து கிடந்தன. கருவாட்டு வாடை கண்ணாடியை மீறி வந்தது.

பாத்திமாவின் கடையில் உட்கார்ந்ததும் அக்கா பாலில்லாத தேநீர், தே-ஓ, கேட்டாள். கேட்டுவிட்டு இருமினாள். நீளமான இருமல். முடிந்ததும் கைக்குட்டையை மடித்து மடித்துச் சின்னதாக்கிக் கைப்பைக்குள் வைத்தாள்.

"அக்கா, நான் சொல்றதக் கேளு," என்று ஆரம்பித்தேன்.

"சொல்லு."

"துணைக்கோள் ஒரு நாளைக்கி ஒரு தடவதான் நம்ம தலைக்கு மேல போகும். ஒன்னரை மணிக்கி. எழுநூறு கிலோமீட்டருக்கு மேல. அது பொகைய நேராப் பாக்காது. சூரிய வெளிச்சம் கீழ பட்டுத் திரும்பி வருதில்ல, அத வாங்கும். காத்துல தூசி இருந்தா வெளிச்சம் மாறும். அந்த வித்தியாசத்தத்தான் நாங்க கணக்குப் பண்ணுறோம்."

"சரி."

"மேகம் இருந்தா கணக்குத் தப்பாயிரும். அதனால மேகம் இருக்கிற எடத்த, மேகம் இருக்கிற நாள எல்லாம் கழிச்சிருவோம். தெளிவா இருந்த நாள மட்டும் எடுத்துத்தான் படம் போட்டேன். ஒன்பதாம் கட்ட மேல முக்காவாசி நாளு மேகமா இருந்திருக்கு. நான் என்னா செய்வேன்?"

சொல்லும்போதே என் குரலில் ஆலோசகரின் பணிவு வந்து உட்கார்ந்திருந்ததை நான் கேட்டேன்.

கடையின் கல்லாப் பக்கம் நின்று ஏப்ரன்களை மடித்துக்கொண்டிருந்த பாத்திமா நிமிர்ந்தாள்.

"மேகமா?"

"ஆமா."

"ஒன்னர மணிக்கி?"

"ஆமா லா பாத்திமா."

"மேகமா இருந்தா நாங்க எதுக்குத் துணி காயப்போடப் போறோம்?"

ஒரு ஏப்ரனை எடுத்து மேசையில் என் முன்னால் விரித்தாள். வெள்ளை. இடதுபக்க ஓரமெல்லாம் கொசு உட்கார்ந்ததுபோலக் கறுப்புப் புள்ளிகள். நகத்தால் சுரண்டினேன். எண்ணெய்ப் பசையோடு இழுபட்டது.

"வெயிலு பளிச்சுன்னு அடிச்சாத்தான் நான் இத வெளிய கொண்டாந்து போடுவேன். மேகம்னா உள்ள ஃபேனுக்கு அடியில. இது வெயில்ல காஞ்ச ஏப்ரன். இதுக்கு மேல எங்க இருந்துச்சி ஒங்க மேகம்?"

தே-ஓ ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு முனைவர் பட்டதாரிகளை உருவாக்கியிருக்கிறேன், அந்த இரண்டு பேரும் நானும் சேர்ந்து ஒரு நாள்கூடக் கேட்காத கேள்வி அது.

அழகுக்கு ஆசைப்பட்டவள்

படம் எப்படி உருவானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டிய இடம் இது.

துணைக்கோளுக்குப் பூமி கட்டம் கட்டமாகத் தெரியும். ஒரு கட்டம் சில கிலோமீட்டர் அகலம். ஒன்பதாம் கட்டை மொத்தமும் ஒரு கட்டத்துக்குள் அடங்கி மீதம் இருக்கும். எந்தக் கட்டம் பளபளப்பாகவும் திட்டுத்திட்டாகவும் தெரிகிறதோ அதை மேகம் என்று கணினி முத்திரை குத்தும். நம் நாட்டில் மேகத்துக்கா பஞ்சம். ஆகவே அந்த வடிகட்டியை நான் இன்னும் கடுமையாக்கினேன். சந்தேகம் வந்தால் கழி. அந்தக் கண்டிப்புக்குப் பாராட்டுக் கிடைத்தது. பெருமையோடு ஏற்றுக்கொண்டேன்.

கழித்த இடமெல்லாம் ஓட்டை. ஒரு வருஷப் படம் கரையான் அரித்த பலகையாக வந்து நின்றது. ஓட்டைப் படத்தை அறிக்கையின் அட்டையில் யார் போடுவார்கள்? அக்கம்பக்கத்துக் கட்டங்களிலிருந்து நிறத்தை இழுத்து நிரப்பினேன். எல்லோரும் செய்வதுதான். ஒன்பதாம் கட்டைக்கு மேற்கே ஆறும் சதுப்பும் கடலும். அங்கே காற்று சுத்தம். அந்த நீலத்தை எடுத்து எங்கள் ஊரின் மேல் பூசினேன்.

நான் கவிதை எழுதுகிறவள். நிறம் எங்கே முடிந்து எங்கே தொடங்க வேண்டும் என்று மூன்று நாள் அந்தப் படத்தோடு உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் அழகு என்றார்கள்.

அழகாகத்தான் இருந்தது, நாசமாய்ப் போக.

அப்பாவின் கத்தரிக்கோல்

ரப்பர் இருந்த காலத்தில் அப்பா புகைக்கூடத்தில் வேலை செய்தார். பால் உறைந்து தகடாகி, புகையில் காய்ந்து, தேன் நிறத்தில் வெளியே வரும். அப்பா ஒவ்வொரு தகடாக வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார். கொப்புளம், கறை, தூசி தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பார். தகடு முதல் தரமாகிவிடும். தோட்டத்துக் கணக்கர், கிராணி, வந்து பார்த்துத் தலையாட்டுவார்.

மேகம் வெட்டும்போதெல்லாம் எனக்கு அந்தக் கத்தரிக்கோல் நினைவு வரும். அப்பன் தொழிலைத்தான் செய்கிறேன் என்று ஒரு கட்டுரையில்கூட எழுதி மெச்சிக்கொண்டேன்.

பாசிர் பெனம்பாங்கிலிருந்து திரும்பும்போதுதான் மற்றது நினைவுக்கு வந்தது. அப்பாவின் காலடியில் ஒரு கூடை இருக்கும். வெட்டிய துண்டெல்லாம் அதற்குள். ஒரு நறுக்கைக்கூட எறிந்ததில்லை. சாயங்காலம் அந்தக் கூடையை நிறுப்பார்கள். கூடை கனத்தால் கிராணி கேட்பார், "என்னா இன்னிக்கி இவ்ளோ கறை? எந்த அடுப்புல கோளாறு?"

நான் வெட்டினேன். கூடை வைக்கவில்லை.

"துணி எடு"

ஒன்பதாம் கட்டைப் பெண்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு. பெயர் "துணி எடு". புகை கிளம்புவதை முதலில் பார்ப்பவள் குரல்செய்தி போட வேண்டும். நாலு வரிசையிலும் பெண்கள் ஓடிவந்து கொடியிலிருந்து துணியை உருவுவார்கள். எழுத நேரமிருக்காது என்பதால் குரல். பெரும்பாலும் போடுபவள் அக்கா. அவள் வீடுதான் மேற்குக் கடைசி.

என்னையும் அதில் சேர்த்திருந்தாள். சேர்த்த மறுநாளே ஓசை வராதபடி அடக்கி வைத்துவிட்டேன். கூட்டத்தின் நடுவே மத்தியானம் கிண்கிணி என்று அடித்தால் என்ன செய்வது? நான் காற்றைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தேன் அல்லவா.

அடுத்த சனிக்கிழமை காலை பல்கலைக்கழகத்தில் என் அலுவலகத்தைத் திறந்து உட்கார்ந்தேன். குழுவின் முதல் செய்திக்குப் போனேன். இரண்டு வருஷத்துக்கும் மேல். ஒவ்வொன்றின் அடியிலும் தேதியும் நேரமும் பொறித்திருந்தது. 1.10. 1.22. 1.05. 1.17.

துணைக்கோள் கடக்கும் நேரம் ஒன்றரை.

ஒரு திரையில் குரல்கள். மறு திரையில் நான் கழித்துத் தள்ளிய கட்டங்கள்.

"ஏய்ய்! கிலாங்காரன் கொளுத்திட்டான்டி! துணிய எடுங்கடி எல்லாம்! பாத்திமா, ஒன் வெள்ள ஏப்ரனு! ஓடு ஓடு!" அக்காவின் குரல், ஊர்க் கோயில் மணிபோல. கிலாங் என்றால் தொழிற்சாலை. பின்னால் யாரோ சிரிக்கிறார்கள்.

அந்த நாள், அந்தக் கட்டம்: மேகம்.

"சனியன் புடிச்சவனுங்க. எடுங்கடி. புள்ளைங்க யூனிபோம் யாரு வெளிய போட்டது?"

மேகம்.

"வெள்ளிக்கெழம லா இன்னிக்கி, ரெண்டரை வர போடாதீங்க."

மேகம்.

சில நாட்கள் உண்மையிலேயே மேகம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். மற்ற நாட்களுக்குச் சாதாரண வண்ணப் படத்தைத் திறந்தேன், கண்ணால் பார்க்கக்கூடியதை. கடற்கரையிலிருந்து மலைவரை துடைத்துவிட்டதுபோல வெறிச்சென்ற வானம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் மட்டும் வெண்சாம்பலாக ஒரு வால், மேற்கே குறுகித் தொடங்கிக் கிழக்கே விரிந்து. வாலின் அடியில் எங்கள் நாலு வரிசை.

விஷயம் எளிது. புகை வெகுதூரம் போனால் பாலில் தண்ணீர் கலந்ததுபோலச் சீராகப் பரவிவிடும். அப்போது கணினி அதைப் புகை என்று ஒப்புக்கொள்ளும். கிளம்பும் இடத்தில் அது உருண்டு திரண்டு திட்டுத்திட்டாகப் பளபளக்கும். அதைக் கணினி மேகம் என்னும். நெருப்புக்கு எவ்வளவு பக்கத்தில் வாழ்கிறாயோ அவ்வளவு சுத்தமாக உன்னை அழித்துவிடும்.

மத்தியானம் ஒன்றரைக்கு எல்லா அதிகாரிகளும் சோறு தின்னப் போயிருந்தபோது, சாப்பிடப் போகாத ஒரே ஒரு கண் எங்கள் ஊருக்கு மேலே திறந்திருந்தது. அந்தக் கண்ணைப் பொத்தியது நான்.

கேட்டுக்கொண்டே போனேன். நடுவில் எங்கேயோ நிமிர்ந்தேன். ஏதோ மாறியிருந்தது. வார்த்தை குறைந்துகொண்டு வந்தது. "ஏய்ய்" போய்விட்டது. "ஓடு ஓடு" போய்விட்டது. திட்டுகூடப் போய்விட்டது. சொல்லுக்கு நடுவே இருமல், பிறகு இருமலுக்கு நடுவே சொல். மணி உடைந்து தகரமாகி, தகரம் துருப்பிடித்து, கடைசியில் போன வாரத்துச் செய்தி, இரண்டே நொடி:

"எடுங்க."

யாரோ கிழவி என்று நினைத்தேன். பெயரைப் பார்த்தேன். மல்லிகா அக்கா.

தினம் அவளோடு போனில் பேசுகிறேன். தினம் கேட்டதால் கேட்கவில்லை. மேசையில் இருந்த அறிக்கையை, அந்த நீல அட்டையை, எடுத்துச் சுவரில் எறிந்தேன். நல்ல காகிதம். கிழியக்கூட இல்லை.

நேரம் வரும்போது

திங்கட்கிழமை துறைத் தலைவரிடம் போனேன். படம் தவறு, விசாரணையில் போய்ச் சொல்லப்போகிறேன் என்றேன்.

அவர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களின் மெல்லிய குரலைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்குக் காது சிவக்கிறது.

"திருத்தம் வெளியிடலாம், யார் வேண்டாம் என்றது? நேரம் வரும்போது, முறையாக. விசாரணை நம் வேலை இல்லையே. நீங்கள் அங்கே போய் என் படம் பொய் என்றால், மற்ற எல்லாப் படத்தையும் பொய் என்பார்கள்."

"என் படத்தைக் காட்டித்தான் உரிமம் கேட்கிறார்கள்."

"அது நாம் சொன்னதல்ல, அவர்கள் எடுத்துக்கொண்டது."

"புகையும் அவர்கள் விட்டதுதான். மூச்சு எங்கள் அக்கா எடுத்துக்கொண்டது."

அவருக்கு முகம் சுருங்கியது. உணர்ச்சிவசப்படுகிறேன் என்றார். ஆமாம் என்றேன். கதவை மெதுவாகச் சாத்த நினைத்தேன். முடியவில்லை.

இரண்டு குரல்கள்

அதே அறை, அதே குளிர். ஆலோசகர் அதே நீலத்தை மறுபடி சுவரில் ஏற்றினார். எழுந்தேன். என் பெயரைச் சொன்னேன். மூலையில் இருக்கும் பெயர் இதுதான் என்றேன்.

ஆலோசகர் முகம் மலர்ந்தது. அரை நிமிடத்துக்கு.

"இந்தக் கட்டத்தில் நான் எதையும் அளக்கவில்லை, புவான். வெட்டி எறிந்துவிட்டுக் கடலின் நிறத்தைப் பூசியிருக்கிறேன். இந்த நீலம் பொய்."

ஆலோசகர் உடனே பிடித்துக்கொண்டார். "அப்படியென்றால் அங்கே மாசு இருப்பதாக டாக்டர் நிரூபிக்கிறாரா?"

"இல்லை. தெரியாது என்கிறேன். தெரியாததைச் சுத்தம் என்று எழுதினேன். அதைத் திரும்பப் பெறுகிறேன்."

"போன வாரம்வரை சரியாக இருந்த படம் இந்த வாரம் தவறா? யாரை நம்புவது?"

அறையில் ஒரு முணுமுணுப்பு. என்னிடம் அவருக்குப் பதில் இருந்தது, திட்டுத்திட்டான பளபளப்பு, வடிகட்டி, வண்ணப் படங்கள், தேதிகள். அடுக்கத் தொடங்கினேன். புவானின் பேனா ஓடவில்லை.

அக்கா எழுந்தாள். என் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "போதும் லா பாப்பா," என்றாள். போனை மேசைமேல் வைத்தாள்.

"ஏய்ய்! கிலாங்காரன் கொளுத்திட்டான்டி!" அறை முழுக்க மணி அடித்தது. பெண்கள் இரண்டு பேர் தங்களையறியாமல் சிரித்துவிட்டார்கள். பாத்திமா எழுந்து மலாயில் மொழிபெயர்த்தாள், தேதியும் நேரமும் சேர்த்து. "துணியை எடுக்கச் சொல்கிறார், புவான். வெயில் நாள். மணி ஒன்று பத்து."

அக்கா விரலை நகர்த்தி நகர்த்திக் கடைசிக்குப் போனாள்.

"எடுங்க."

புவான் தலை நிமிர்த்தினார். "முதல் குரல் சொன்னது புரிகிறது. இந்த இரண்டாவது குரல் யாருடையது? அவர் வந்திருக்கிறாரா?"

பாத்திமா மொழிபெயர்க்க வாயெடுத்தாள். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். அவளுடைய உடைந்த மலாயில், உடைந்த குரலில், தானே சொன்னாள்.

"அதுவும் நான்தான், புவான்."

சுவரில் நீலம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. புவான் ஆலோசகரைப் பார்த்து, "அதை அணைத்துவிடுங்கள்," என்றார்.

கூடை

உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. அடுத்த மாதத்துக்குள் லோரிகள் வந்து இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு போயின. ஒன்பதாம் கட்டையில் அன்று மத்தியானம் ஒன்றரைக்கு, வேண்டுமென்றே, எல்லாக் கொடியிலும் வெள்ளைத் துணி. பாத்திமா கடையிலிருந்து மீகோரேங் வந்தது. அக்கா சாப்பிட்டாள், இருமினாள், சிரித்தாள். மருத்துவர் கொடுத்த மூச்சு மருந்துக் குழாயை வாயில் வைத்து இழுத்தாள். நுரையீரலுக்கு உரிமம் முடிந்த தேதி தெரியாது.

என் திருத்தம் வெளியானது. ஒன்பதாம் கட்டையின் மேல் இப்போது நீலம் இல்லை. சாம்பல் கோடு போட்டு, "அளக்கப்படவில்லை" என்று இருக்கிறது. படம் அசிங்கமாக இருக்கிறது. யாரும் அட்டையில் போட மாட்டார்கள்.

இப்போது கூடை வைத்திருக்கிறேன். கழித்த கட்டங்களைத் தனியாகச் சேர்த்து வாரா வாரம் பார்க்கிறேன். எந்தக் கட்டம் சுற்றுப்புறத்தைவிட அதிகமாக மேகம் மேகம் என்கிறது? எந்த அடுப்பில் கோளாறு?

மூன்றாம் மாதம் ஒரு கட்டம் கனக்கத் தொடங்கியது. கிழக்கே, புக்கிட் பெருந்துங்குக்குப் போகும் வழியில், செம்பனைக்குள் ஓர் எஸ்டேட். சுற்றிலும் தெளிந்த வானம், அங்கே மட்டும் தினம் மேகம். வெள்ளிக்கிழமை தவறாமல்.

திரையின் முன்னால் உட்கார்ந்து சத்தமாகத் திட்டினேன். அக்காவின் பழைய குரலில்.

தொழிற்சாலைக்காரர்கள் தொழிலை விடவில்லை. எடுத்துக்கொண்டு போய் வேறொருவர் தலைமாட்டில் வைத்திருக்கிறார்கள். அங்கே இருப்பவர்களுக்கு மனு எழுத ஆள் உண்டா, பிழையான படம் போட்டுத் தர உள்ளூர் விஞ்ஞானி உண்டா, எனக்குத் தெரியாது.

அக்காவுக்குப் போன் போட்டேன். பேசி முடிப்பதற்குள், "வண்டிய எடுத்துட்டு வா," என்றாள்.

"நீ வராதக்கா. ஒனக்கு ஆகாது."

"நீ போயி அங்க என்னாத்தப் பேசுவ? திட்டுத்திட்டு, பளபளன்னுவ. வாடி."

போய்ச் சேரும்போது பன்னிரண்டரை. செம்மண் பாதை முடியும் இடத்தில் பழைய லயம், ஒரே ஒரு வரிசை. தமிழ்க் குடும்பங்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. மேகம் ஒரு பஞ்சுத் துணுக்குகூட இல்லை. முதல் வீட்டு வாசலில் நைட்டி அணிந்த இளம்பெண் ஒருத்தி, கொடியிலிருந்து ஈரம் உலராத பள்ளிச் சட்டைகளை அவசர அவசரமாக உருவித் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் காரைப் பார்த்ததும், "ஒன்னும் வேணாம்க்கா, காப்புறுதியெல்லாம் இருக்கு," என்றாள்.

அக்கா காரிலிருந்து இறங்கினாள். கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். குழாயை ஒரு இழுப்பு இழுத்தாள். பிறகு நடந்தாள்.

"விக்க வரல தங்கச்சி. ஒன்னு கேட்டுட்டுப் போறோம். எத்தன மணிக்கித் துணி எடுப்பீங்க?"

அந்தப் பெண்ணின் கை கொடியிலேயே நின்றது. எங்களுக்குப் பின்னால், செம்பனைக்கு மேலே, புகை எழும் திசையைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள்.

"ஒரு மணிக்கி முன்னால," என்றாள். "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

அக்கா கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள்.

"ஒன் நம்பரச் சொல்லு."